பாய்லருக்குள் போன புளியமரங்கள்

மில்லில் கார்பன் கணக்குப் பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு என் அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். பழைய மோட்டாரை மாற்றுவது, காற்றுக் குழாயில் கசிவை அடைப்பது, கூரையில் வெளிச்சம் வர ஓடு போடுவது, காற்றாலையில் பங்கு வாங்குவது, எல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. படித்துப் பார்த்தேன். நான் சொல்வதைவிட நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். அதையே திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளப் போவதில்லை. நான் தப்பாக முடிவெடுத்த ஒரு சமயத்தையும், சரியாகத்தான் முடிவெடுத்தேனா என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல முடியாத ஒரு சமயத்தையும் சொல்கிறேன். இரண்டும் ஒரே மில்லில், பெரும்பாலும் அதே ஆட்களோடு நடந்தவை.

திண்டுக்கல்லில் இருந்து தாடிக்கொம்பு வழியாக வடக்கே போகும் ரோட்டில் இருந்தது எங்கள் நூற்பாலை. நான் அங்கே எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசராகச் சேர்ந்து, இன்ஜினியராக ஓய்வு பெற்றேன். முதலாளி ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். வெங்காய மண்டி நடத்திய குடும்பம். கோபத்திலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். அதனாலேயே அவர் கோபமாக இருக்கிறார் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கார்பன் என்ற பேச்சே எங்களிடம் கிடையாது. கரண்ட்டை மிச்சம் பிடி, அவ்வளவுதான். நான் எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று தேடி, ஈரக்காற்று அனுப்பும் பிளான்ட்டில் கண் வைத்தேன். நூற்பு ஹாலுக்குள் காற்று ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்தால் நூல் அறும். அதற்காகப் பெரிய பெரிய ஃபேன்கள் இருபத்துநாலு மணி நேரமும் ஓடும். ஆறு ஃபேனில் இரண்டை நிறுத்தினேன். அன்றைக்கு மீட்டரைப் பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை, அவ்வளவு குறைந்திருந்தது.

நாலாவது நாள் பாண்டியம்மா என்னை வழிமறித்தார். அவர் சைடர். அதாவது ஓடும் மெஷின்களுக்கு நடுவே நடந்துகொண்டே, அறுந்த இழையை ஒட்டிவிடுகிற வேலை. என்னைவிட நாலைந்து வயது சின்னவர்.

"சார், நீங்கதான் ஃபேன நிப்பாட்டுனீங்களா?"

"ஆமா. ஏன்?"

"நூலு சும்மா சும்மா அறுகுது சார். ஒரு பக்கம் ஒட்டிட்டுத் திரும்புறதுக்குள்ள மறுபக்கம் நாலு அறுந்து கெடக்கு. செத்த நேரம் இங்கன நின்னு பாருங்களேன்."

"பாக்குறேம்மா" என்றேன். பார்க்கவில்லை. என் கையில் மீட்டர் கணக்கு இருந்தது. அந்த வாரக் கூட்டத்தில் முதலாளி அதை எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொன்னார். கை தட்டினார்கள். கைதட்டல் கேட்டபிறகு ஒரு மனிதன் போய் ஹாலில் நின்று பார்ப்பது கஷ்டம். உங்களுக்கும் அது நடக்கும், அப்போது தெரியும்.

மூன்றாவது வாரம் பாண்டியம்மா ஒரு மெஷினின் கோடியில் இருந்து அடுத்ததற்கு ஓடும்போது, தரையில் சிதறிக் கிடந்த பஞ்சில் வழுக்கி விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்தது. இழை அதிகம் அறுந்ததால் கழிவுப் பஞ்சும் அதிகம். கூட்டி அள்ளவும் யாருக்கும் நேரமில்லை. அன்றைக்குத்தான் நான் போய் ஹாலில் நின்றேன். ஒரு ஷிப்ட் முழுக்க நின்றேன். அவர் நாலாவது நாளே சொன்னது கண்ணுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது.

பிறகு உட்கார்ந்து வேறு மாதிரி கணக்குப் போட்டேன். ஃபேனுக்குப் போகிற மின்சாரம் குறைந்திருந்தது நிஜம். ஆனால் நூல் அறுந்து அறுந்து உற்பத்தி குறைந்ததால், அதே அளவு நூலை எடுக்க மெஷின்களைக் கூடுதல் நேரம் ஓட்டியிருக்கிறார்கள். ஒரு கிலோ நூலுக்கு எவ்வளவு என்று பார்த்தால் முன்னைவிட அதிகம் செலவாகியிருந்தது. நான் மிச்சம் பிடித்ததாகச் சொன்னது பாண்டியம்மாவின் காலில் இருந்தும் கையில் இருந்தும் வந்தது. அது எந்த மீட்டரிலும் ஓடாது.

இரண்டு ஃபேனையும் திரும்பப் போட்டேன். அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னபோது யாரும் கை தட்டவில்லை. பாண்டியம்மாவின் எலும்பு சேர்ந்தாலும் இழை ஒட்டும் வேகம் அந்தக் கைக்குத் திரும்பவே இல்லை. பின்னால் சாயப் பிரிவு தொடங்கியபோது அவரை அங்கே பேக்கிங்கில் போட்டார்கள்.

அந்தச் சாயப் பிரிவில்தான் அடுத்தது நடந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் கழித்து, எங்கள் சாய நூலை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஒரு ஃபாரம் அனுப்பியது. ஒரு கிலோ நூல் செய்ய எவ்வளவு கார்பன் வெளியே போகிறது, அதை எப்படிக் குறைக்கப் போகிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். முதலாளி அதை என்னிடம் நீட்டி, "ஏனுங்க, நூலைத்தானே கேட்டாங்க, இப்ப புகையையும் கேக்கறாங்களே" என்றார்.

சாயத் தொட்டிகளைச் சூடாக்க நீராவி வேண்டும். அதற்கு ஒரு பாய்லர். அதில் ஃபர்னஸ் ஆயில் எரித்துக்கொண்டிருந்தோம். ஃபாரத்தைப் படித்துப் பார்த்தேன். விறகு எரித்தால் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போடலாம் என்று இருந்தது. மரம் வளரும்போது காற்றில் இருந்து எடுத்துக்கொண்டதைத்தான் எரியும்போது திருப்பிக் கொடுக்கிறது என்பது அவர்கள் கணக்கு. நம் பக்கத்தில்தான் வறண்ட கண்மாய் எல்லாம் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்கிறதே. வெட்டினால் ஆறு மாதத்தில் மறுபடி தழைக்கும். ஊருக்கும் நல்லது, நமக்கும் நல்லது என்று முதலாளியிடம் சொன்னேன். விறகு பாய்லர் வந்தது. பழைய ஆயில் பாய்லரை அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஓரமாக வைத்துக்கொண்டோம். ஒரு விறகு காண்ட்ராக்டரைப் பிடித்தோம். பாய்லர் கட்டத்தில் பூஜ்யம் போட்டுக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கம்பெனி எங்களைப் பாராட்டிக் கடிதம் எழுதியது. முதலாளி அதைச் சட்டம் போட்டு ஆபீசில் மாட்டினார்.

பாய்லரைப் பார்த்துக்கொண்டவர் பேகம்பூர்க்காரர். என் வயதுதான். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. மில்லில் எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நாள் காலை டீ நேரத்தில் பாய்லர் பக்கம் போனேன். பாய் ஒரு கட்டையை எடுத்து என் முன்னால் போட்டார்.

"இது என்ன மரம், சொல்லுங்க சார்."

"கருவேலம்தானே?"

"இம்புட்டுப் பருமனுக்குக் கருவேலத்த எங்க சார் பாத்தீங்க? இது புளி. உள்ள வைரம் எப்படிக் கருத்துக் கெடக்குன்னு பாருங்க. குறைஞ்சது அம்பது வருச மரம்."

குவியலைச் சுற்றி வந்து பார்த்தேன். பெரும்பாலும் அதுதான். ஒரு கிளைத்துண்டில் கயிறு உரசி உரசிப் பதிந்த தடம் வட்டமாக இருந்தது. ஊஞ்சலோ, தூளியோ.

"எத்தன நாளா வருது?"

"சித்திரையில கலந்து வந்துச்சு. இப்ப ரெண்டு மாசமா லோடு பூரா இதான்."

"ஏன் பாய் எங்கிட்ட சொல்லலை?"

அவர் கோபப்படாமல்தான் சொன்னார்: "நீங்க கேக்கலையே சார். காஞ்சிருக்கா, எடை சரியா இருக்கான்னுதான் கேட்டீங்க. என்ன மரம்னு ஒரு நாளும் கேக்கலையே."

உண்மைதான். என் கணக்குத் தாளில் 'விறகு' என்று ஒரு வரி இருந்தது. விறகு என்பது ஒரு மரம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

மறுநாள் லோடு இறக்கிவிட்டுத் திரும்பிய லாரிக்குப் பின்னாலேயே ஸ்கூட்டரில் போனேன். நிலக்கோட்டையைத் தாண்டி, மல்லிகைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மண் பாதையில் இறங்கி நின்றது. அங்கே ஒரு சின்னப் புளியந்தோப்பு. பதினொரு மரத்தில் ஆறு வெறும் அடிக்கட்டையாக நின்றன. ஏழாவது மரத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள். தோட்டக்காரர் ஆரோக்கியம் நாற்பது வயதுக்காரர். நான் மில்லில் இருந்து வருகிறேன் என்றதும் சந்தோஷப்பட்டு, உட்காரத் துண்டை விரித்தார்.

"கெணறு வத்திருச்சு சார். போர் போடணும். பூவுக்குத் தண்ணி ஊத்தாட்டி அம்புட்டும் கருகிப் போகும். மரம் தானா நிக்கும், பூ நிக்குமா? அதான் மரத்தக் குடுத்துட்டேன்."

அவரிடம் நான் என்ன சொல்வது? குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். திரும்பி வந்ததும் பாயிடம், ஒரு மரம் நம் பாய்லருக்கு எவ்வளவு நேரம் வரும் என்று கேட்டேன்.

"பெரிய மரம்னா ஒரு ஷிப்ட் ஓடும்" என்றார்.

அந்தக் கம்பெனியின் ஆள் நேரில் பார்க்க அந்த வாரம் வியாழக்கிழமையே வருவதாக இருந்தது. அன்று திங்கள். நான் முதலாளியின் ரூமுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"விறகுன்னா பூஜ்யம்னு அவங்க ஃபாரத்துலயே இருக்குதுங்களே. நாம பொய் எழுதலீங்களே."

"வெட்டுன மரம் திரும்ப வளந்தாத்தான் பூஜ்யம்னு கீழ சின்ன எழுத்துல போட்டிருக்குங்க."

"அத யாருங்க படிக்கறாங்க?"

"கையெழுத்துப் போட்டவன் நான்தானுங்க. நானே இப்பத்தான் படிச்சேன்."

"அந்த ஆர்டர் போச்சுன்னா சாயப் பிரிவுல அறுவது பேரு வீட்டுக்குப் போகோணும். அவங்ககிட்ட நீங்க போய் சொல்றீங்களா?" என்றார்.

அது மிரட்டல் இல்லை. நிஜமான கேள்வி. அந்த அறுபது பேரில் பாண்டியம்மா ஒருவர்.

அந்த இரண்டு நாளும் என்ன யோசித்தேன் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. சும்மா இருந்துவிடலாம் என்றுதான் பாதி நேரம் நினைத்தேன். காண்ட்ராக்டரைக் கூப்பிட்டுத் திட்டி, இனிமேல் கருவேலம் மட்டும் கொண்டு வா என்று சொல்லி, பழையதை அப்படியே விட்டுவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் ஏற்கெனவே ஒருமுறை என் கையெழுத்தோடு ஒரு நல்ல கணக்குப் போயிருக்கிறது. அந்தக் கணக்கு நன்றாக இருந்ததற்கு வேறு ஒருவர் கை முறிந்திருக்கிறது. இரண்டாவது தடவையும் அதே மாதிரி ஒரு காகிதத்தைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். மூன்றாவது தடவை வரும்போது எனக்கு அது உறுத்தக்கூட உறுத்தாது என்று தோன்றியது. பயம் அதுதான். மரங்களை நினைத்துச் செய்தேன் என்று சொன்னால் அது பொய்.

புதன்கிழமை காலை முதலாளியிடம் போய், "அந்தக் கம்பெனிகிட்ட நீங்க ஒன்னும் சொல்ல வேணாம். என் கையெழுத்த நான் வாபஸ் வாங்கிக்கிறேன், காரணத்தையும் எழுதிக் குடுத்துர்றேன்" என்றேன்.

"செய்யுங்க" என்றார். நான் கதவைத் திறக்கும்போது, "இனி நீங்க இந்த ரூமுக்கு வர வேண்டியதில்லீங்க. வேலை விஷயத்த எழுதி அனுப்புங்க, போதும்" என்றார்.

அன்றைக்கே விறகை நிறுத்தினோம். காண்ட்ராக்டரை அனுப்பிவிட்டேன். ஓரமாகக் கிடந்த ஆயில் பாய்லரைப் பாய் துடைத்துப் பற்ற வைத்தார். விறகில் இருந்து ஆயிலுக்குத் திரும்புவது என்றால் கார்பன் கணக்கில் நாங்கள் பின்னால் போகிறோம் என்று அர்த்தம். அதைச் சொல்லி நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் பாய் அந்த விஷயத்தைச் சொன்னார்.

"ஆயில்தான்னு ஆகிப்போச்சு. அப்ப கம்மியா எரிக்க வழி பாருங்க. மொதல்ல அந்தச் சுடுதண்ணிய நிப்பாட்டுங்க சார்."

சாயப் பிரிவுக்குப் பின்புறம் ஒரு குழாய் உண்டு. தொட்டிகளைச் சூடாக்கி முடித்த நீராவி தண்ணீராக மாறி அந்தக் குழாய் வழியாக வாய்க்காலில் கொட்டும். கை வைக்க முடியாத சூடு. சாயம் கலக்காத சுத்தமான தண்ணீர். மில் குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் காலையிலும் மாலையிலும் வாளியோடு வந்து பிடித்துக்கொண்டு போவார்கள். என் வீட்டுக்கும் இரண்டு வாளி வரும். பல வருடமாக அதில்தான் குளித்தேன். அத்தனை வருடமும் மில்லின் சூடு எங்கே வீணாகிறது என்று மீட்டரோடு அலைந்தவன் நான்.

அந்தத் தண்ணீரைத் திரும்பப் பாய்லருக்கே அனுப்பினால், பச்சைத் தண்ணீரில் இருந்து கொதிக்க வைக்கும் வேலை மிச்சம். பழைய தொட்டி ஒன்றைத் தேடி எடுத்து, ஒரு பம்ப் மாட்டிக் குழாய் இழுத்தோம். தற்காலிகமாகத்தான். வியாழன் காலைக்குள் ஓடியது. அன்று குவார்ட்டர்ஸில் இருந்து பத்துப் பதினைந்து பெண்கள் காலி வாளியோடு என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். "புள்ளைகள எதுல சார் குளிப்பாட்டுறது?" என்று ஒருவர் கேட்டார். என் மனைவியும் அவர்களோடு நின்றுகொண்டிருந்தாள். அவர்களுக்கு அது சலுகை இல்லை. வீட்டு விறகை மிச்சம் பிடித்த ஏற்பாடு. நான் அதையும் யோசித்திருக்கவில்லை. பல மாதம் கழித்துக் கூரையில் வெயிலில் சூடாகிற தொட்டி வைத்துக் கொடுத்தோம். முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு நிறுத்தியிருக்க வேண்டும்.

கம்பெனியில் இருந்து வந்தவர் சென்னையில் வேலை பார்க்கும் ஒரு பெண் அதிகாரி. முப்பது வயது இருக்கும். என் கடிதத்தை நின்றுகொண்டே படித்தார். பிறகு பாய்லர் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார். முதலாளியும் கூட வந்தார். என் பக்கம் திரும்பவில்லை. மிச்சமிருந்த புளியங்கட்டைகளை அந்த அம்மா சுற்றிப் பார்த்தார்; ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்.

"சார், நீங்க சொல்லலைன்னா எங்களுக்கு இது தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது. எங்களுக்கு மரத்துக்கு மரம் வித்தியாசம் தெரியாது. ஏன் சொன்னீங்க?"

நான் ஏதோ தொடங்கி, முதலாளி முகத்தைப் பார்த்துத் தடுமாறினேன். ஆயில் பாய்லரின் முன்னால் பிரஷரைப் பார்த்துக்கொண்டிருந்த பாய் திரும்பினார்.

"உங்களுக்குத் தெரியாதும்மா. எனக்குத் தெரியும்ல? தெனமும் அள்ளிப் போட்டது நான்தானே" என்றார்.

அந்த அம்மா அதை நோட்டில் எழுதிக்கொண்டார். என் கடிதத்தில் இருந்து ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை.

உங்களிடம் ஒரே ஒரு விஷயம் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். ஒரு கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்றால் அதில் உள்ள பொருளைக் கையால் தொடுகிறவரிடம் போய்க் கேளுங்கள். அவருக்குப் படிக்கத் தெரியாமல்கூட இருக்கலாம். அந்தக் கணக்கில் பொய் இருந்தால் உங்களுக்கு முன்னால் அவருக்குத் தெரியும். பெரும்பாலும் அவர் தானாக வந்து சொல்ல மாட்டார். நீங்கள் கேட்க வேண்டும். கேட்டபிறகு போய்ப் பார்க்க வேண்டும். இரண்டாவது பாதியை நான் ஒருமுறை செய்யாமல் விட்டதைத்தான் முதலில் சொன்னேன்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. அந்த சீசனுக்கு ஆர்டரைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். ஒரு வருடம் கழித்து மறுபடி பார்ப்பார்களாம். முதலாளி ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். ஆனால் மூன்றாவது ஷிப்ட்டை மூடினார். எல்லாருக்கும் வாரத்தில் நாலு நாள்தான் வேலை. அவர் என்னைக் கேட்ட கேள்விக்குப் பதிலாக, நானே சாயப் பிரிவுக்குப் போய் எல்லாரையும் நிற்க வைத்து, என்ன நடந்தது, ஏன் நடந்தது, யாரால் நடந்தது என்று சொன்னேன். பாண்டியம்மாதான் பேசினார்.

"அன்னைக்கு ஃபேன நிப்பாட்டுனீங்க. இன்னைக்கு ஷிப்ட நிப்பாட்டிட்டீங்க." பிறகு, "இந்தத் தடவ வந்து மூஞ்சியப் பாத்துச் சொன்னீங்களே, அம்புட்டுதான்" என்றார். மன்னித்துவிட்டார் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவரும் அப்படிச் சொல்லவில்லை.

மூன்று மாதம் போனது. குழாய்களுக்கு உறை போட்டோம், நீராவி கசிந்த இடங்களை அடைத்தோம், சாயத்தை இறக்கும் வரிசையை மாற்றித் தொட்டிகளைக் கழுவும் தடவையைக் குறைத்தோம். ஆயில் செலவு கணிசமாக இறங்கியது. அதெல்லாம் உங்கள் கையேட்டில் உள்ள சமாச்சாரம்தான். முதலாளிக்கு எல்லாவற்றையும் எழுதித்தான் அனுப்பினேன். ஓரத்தில் இனிஷியல் போட்டுத் திரும்பி வரும். ஒரு வார்த்தை இருக்காது.

ஒரு நாள் மதியம் வாட்ச்மேன் வந்து, யாரோ என்னைப் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார். கேட்டில் ஆரோக்கியம் நின்றுகொண்டிருந்தார். நிலக்கோட்டையில் பூ இறக்கிவிட்டு, அப்படியே பஸ் ஏறி வந்திருக்கிறார்.

"ஏன் சார், எம் மரம் உங்களுக்கு ஆகாதுன்னுட்டீங்களாமே? அந்தாளு வெட்டிப் போட்டத அப்படியே போட்டுட்டுப் போயிட்டான். ஏழாவது மரம் தோப்புல குறுக்கால கெடக்கு. நாலு மரம் நிக்குது. காசு பத்தாம போரும் போடல. பாதிப் பூ போச்சு. நான் என்ன தப்புப் பண்ணேன்?"

அவர் சண்டைக்கு வரவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நிழலில் உட்கார வைத்துச் சொன்னேன். எரித்தால் வருகிற புகை மேலே சேர்ந்துகொண்டே போவதை, உலகமே சூடாவதை, மரம் வளரும்போது அந்தப் புகையில் இருப்பதை உள்ளே இழுத்துக்கொள்வதை, அவர் மரத்தை வெட்டிவிட்டால் இழுக்க ஆளில்லாமல் போவதை. எனக்குத் தெரிந்த அளவு எளிமையாகச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"சரி சார். இப்ப அதுக்குப் பதிலா என்னத்த எரிக்கிறீங்க?"

"ஆயில்."

"அது எங்க இருந்து வருது?"

"பூமிக்கு அடியில இருந்து. வெளிநாட்டுல எடுத்துக் கப்பல்ல வருது."

"அத எடுத்த எடத்துல திரும்ப முளைக்குமா?"

"முளைக்காது."

"எம் மரத்த வெட்டுன எடத்துல நட்டா முளைக்கும்ல?" அவர் குரல் உயரவில்லை. "மூணு ஏக்கர் தரிசாக் கெடக்கு. கருவேலம் ஒரு ஆள் ஒசரத்துக்கு மண்டிக் கெடக்கு. அத வெட்டிக்கங்கன்னு சொல்லியிருப்பேன். வெட்டுன எடத்துல மரம் வச்சுத் தாரேன், வளந்தா எடுத்துக்கங்கன்னு சொல்லியிருப்பேன். எங்கிட்ட யாராச்சும் கேட்டீங்களா சார்? நீங்க அன்னைக்கு வந்தீங்க. தண்ணி குடிச்சீங்க. ஒரு வார்த்த கேக்காமப் போயிட்டீங்க."

விறகு நல்லது என்று நான் சொன்னபோது அவர் என் கணக்கில் இல்லை. விறகு கெட்டது என்று நான் சொன்னபோதும் இல்லை. வெட்டினதற்குப் பதிலாக எங்கே எதை நடுவது என்ற கேள்விதான் அந்தச் சின்ன எழுத்தில் இருந்தது. அதை மூன்று மாதத்துக்கு முன்னால் படித்தும், முதலாளியிடம் சண்டை போடுவதற்குத்தான் பயன்படுத்தினேன்.

பின்னால் என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உடனே எல்லாம் மாறிவிடவில்லை. ஆயிலை முழுசாக நிறுத்த வருடங்கள் ஆயின. ஆரோக்கியம் மாதிரி ஆட்கள் தரிசில் நட்ட மரங்களில் ஒரு பகுதி முதல் கோடையிலேயே காய்ந்து போனது. அந்தக் கம்பெனி பழைய அளவுக்கு ஆர்டர் கொடுக்க இரண்டு சீசன் எடுத்துக்கொண்டது. நட்ட மரத்தில் இருந்து முதல் லோடு வந்தபோது நான் ஓய்வு பெற்றுவிட்டேன்.

அன்று மதியம் எனக்கு அதெல்லாம் தெரியாது. ஆரோக்கியத்தின் கையைப் பிடித்து, "உள்ள வாங்க" என்றேன். ஆபீஸ் கட்டடத்துக்குள் கூட்டிக்கொண்டு போனேன். செருப்பை வெளியே விடட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். முதலாளி ரூம் கதவுக்கு முன்னால் கொஞ்சம் நின்றேன். இந்த ரூமுக்கு வர வேண்டாம் என்று அவர் சொன்ன நாளில் இருந்து நான் அந்தக் கதவைத் தொட்டதில்லை. தட்டாமலே திறந்தேன்.

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்து முகம் இறுகியது. பிறகு பின்னால் மண் ஒட்டிய காலோடு நின்றவரைப் பார்த்தார்.

"ஐயா, இவருதான் அந்த மரத்துக்காரர்" என்றேன். "நம்மகிட்ட ஒன்னு சொல்ல வந்திருக்காரு."

ஆரோக்கியம் சொன்னார். என்னிடம் சொன்னதையே, அதே வரிசையில், அதே குரலில் சொன்னார். ஆயில் முளைக்குமா என்ற இடம் வந்தபோது முதலாளி கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தார். வெங்காயம் விளைகிற பூமியில் பிறந்தவர். தரிசு என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சொல்லி முடித்ததும் முதலாளி என் பக்கம் திரும்பவே இல்லை. ஆரோக்கியத்துக்கு நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க" என்றார். "மூணு ஏக்கர்னு சொன்னீங்க. பக்கத்துல தரிசாக் கெடக்கற காடு யாருதுங்க?"